பெயரை விடுங்கள், எண்ணைக் கேளுங்கள்: இராமநாதபுரம் கடலோரத்திலிருந்து பொதுப் பதிவேடுகள் பற்றி ஒரு மதிப்பீடு

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நீளும் எங்கள் கரையில், ஒரு குடும்பம் தன் சேமிப்பையோ உயிரையோ முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டிய நிலை அடிக்கடி வருகிறது. வளைகுடாவுக்கு ஆள் எடுக்கும் முகவர், கப்பலில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் அலுவலகத்தார், புதிதாகப் பலகை மாட்டிய மருத்துவர், ‘காப்புரிமை பெற்றது’ என்று அச்சிட்ட புட்டியோடு பாசி உரம் விற்க வருபவர் என எல்லோரும் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் சொல்லைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். அந்தச் சொல் மெய்யா என்று பார்ப்பதற்கு அரசு அலுவலகங்கள் வைத்திருக்கும் பதிவேடுகள் இணையத்தில் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. இ-சேவை மையத்தில் என் மேசைக்கு வருவோருக்காக நான் வழக்கமாகத் திறந்து பார்க்கும் சில பதிவேடுகளை, ஒரு கடையையோ பொருளையோ மதிப்பிடுவது போலவே இங்கே மதிப்பிட்டு எழுதுகிறேன். இவற்றில் உள்ள தகவல் பெரும்பாலும் நம்பத்தக்கது. ஆனால் தேடும் வழி நம் பெயர்களுக்கு ஏற்றதாக அமையவில்லை என்பதால், எதிரில் இருப்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கித் தேடுபவருக்கே இவை முழுப் பயன் தருகின்றன.

முதலில் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளம். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் சபராளி, அதாவது வெளிநாட்டில் பிழைக்கப் போனவர், இல்லாத தெரு அரிது. மீனவர் குடும்பங்களிலிருந்தும் வளைகுடா நாடுகளின் படகுகளுக்கு ஆட்கள் போகிறார்கள். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் எவரும் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். முழு அளவிலான முகவர் 50 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதமும் கட்டியிருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியலை இத்தளத்தில் எவரும் தேடலாம். பதிவு எண்ணை இட்டால் நிறுவனத்தின் பெயர், முகவரி, சான்று செல்லும் காலம், அது நடப்பில் இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா என்ற விவரம் ஆகியவை வந்துவிடும். பதிவு பெறாமல் ஆள் சேர்ப்பதாகப் புகார் வந்தவர்களின் பட்டியலும் தனியே வெளியிடப்படுகிறது. முகவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான். அதற்கும் ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்பவர் எந்தச் சான்றைக் காட்டினாலும், அந்தத் தொகையே அவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்பதைச் சொல்லிவிடுகிறது.

இந்தப் பதிவேட்டின் பெருங்குறையை அதைப் பயன்படுத்தும்போதுதான் உணர முடியும். ஊருக்குள் வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசுபவர் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருப்பவரே இல்லை. அவர் மும்பையிலோ சென்னையிலோ உள்ள வேறொரு நிறுவனத்தின் சான்று நகலைக் காட்டுகிறார். நகலில் உள்ள எண்ணைத் தேடினால் ‘நடப்பில் உள்ளது’ என்றே வரும், குடும்பமும் நிம்மதியடைந்து பணத்தைக் கொடுத்துவிடும். அந்த நிறுவனத்துக்கும் திண்ணையில் இருந்தவருக்கும் தொடர்பு உண்டா என்று பதிவேடு சொல்வதில்லை. துணை முகவர் என்ற ஒருவரைச் சட்டம் ஏற்பதும் இல்லை. ஆகவே எண் சரியாக இருப்பதோடு நின்றுவிடாமல், பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, இன்ன ஊரில் இன்னார் உங்கள் பெயரில் ஆள் சேர்க்கிறார், தெரியுமா என்று கேட்க வேண்டும். அவர் கொடுக்கும் விசிட்டிங் கார்டில் இருக்கும் எண்ணுக்கு அழைப்பதில் பொருளில்லை. அதை எடுப்பவரும் அவருடைய ஆளாகவே இருப்பார். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் கொண்டுவந்த நகலை இப்படிச் சரிபார்த்தபோது, மறுமுனையில் இருந்தவர்கள் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். பணம் கைமாறுவதற்கு முன்பே அது தெரிய வந்ததற்கு அந்த ஒரு அழைப்புதான் காரணம்.

மீனவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வேலைக்காகக் குறிப்பிட்ட 18 நாடுகளுக்குப் போகும்போது அந்த அனுமதி இத்தளத்தின் வழியேதான் கிடைக்கிறது. சவூதி அரேபியா, குவைத், பஹ்ரைன், ஓமன், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளன, ஈரான் இல்லை. ஈரானுக்கு மீன்பிடிக்கப் போகும் தொழிலாளியின் ஒப்பந்தம் அனுமதிக்காக எவர் மேசைக்கும் போவதில்லை. ஆயினும் அங்கே ஆள் அனுப்பும் முகவருக்குப் பதிவு தேவை என்ற விதி மாறவில்லை. காவல் குறைவாக இருக்கும் இடத்தில் பதிவேட்டைப் பார்க்கும் பழக்கம் கூடுதலாக வேண்டும் என்றே நான் சொல்வேன்.

பெயரைக் கொண்டு தேடுவதில் உள்ள இடர்ப்பாடு எல்லாப் பதிவேடுகளுக்கும் பொது என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பெயர்கள் ஆங்கில எழுத்தில் மட்டுமே ஏற்றப்பட்டிருக்கின்றன. முகம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு நம் ஊரிலேயே ஐந்தாறு வழக்கங்கள் உள்ளன. செய்யது, சேகு, அப்துல் ஆகியவற்றுக்கும் அப்படியே. நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனாரின் பெயருடைய முதலெழுத்துதான் இனிஷியல். ஒரு பதிவேட்டில் அந்த எழுத்து முன்னால் புள்ளியுடன் இருக்கும், இன்னொன்றில் புள்ளியின்றிப் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டைப் பார்த்து ஏற்றிய மற்றொன்றில் தகப்பனாரின் பெயர் முழுமையாக விரிந்து குடும்பப் பெயரின் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரே மனிதர் மூன்று இடங்களில் மூன்று பேராகத் தெரிகிறார். இதனால் இரண்டு தீங்குகள் நேர்கின்றன. உண்மையான தகுதியுடையவர் ‘பட்டியலில் இல்லை’ என்று சந்தேகிக்கப்படுகிறார். தகுதியற்றவர் தம் பெயரைக் கொண்ட வேறொருவரின் பதிவைத் தமதென்று காட்டிவிடுகிறார். இரண்டாவது தீங்கே பெரிது. எண்ணைக் கொண்டு தேடினால் இரண்டுமே பெருமளவு குறையும். எண்ணைக் கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் முகவரையோ தொழில்முறையாளரையோ விட்டு விலகிவிடலாம். முறையாக உரிமம் பெற்றவருக்கு அந்த எண்ணைச் சொல்வதில் தயக்கம் இருக்க நியாயமில்லை.

கப்பல் வேலைக்கான பதிவேடு வேறு இடத்தில் இருக்கிறது. இதைப் பலரும் இ-மைக்ரேட்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். வணிகக் கப்பலுக்கு மாலுமிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் நிறுவனம், மும்பையில் தலைமையகம் கொண்ட கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் தனி உரிமம் பெற்றிருக்க வேண்டும். ஆர்பிஎஸ்எல் என்ற சுருக்கப் பெயரால் அதைக் கப்பல்காரர்கள் அறிவார்கள். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலும், பயிற்சி நடத்த அனுமதி பெற்ற கல்விக்கூடங்களின் பட்டியலும் இயக்குநரகத்தின் தளத்தில் உள்ளன. ஒவ்வொரு மாலுமிக்கும் இண்டோஸ் எண் என்ற ஒன்று கொடுக்கப்படுகிறது. பயிற்சி, சான்றிதழ், கடற்பணி எல்லாம் அந்த ஓர் எண்ணின் கீழ்ச் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒருவருடைய தொழில்வாழ்க்கை முழுவதையும் ஒரே எண்ணில் கட்டிவைக்கும் இந்த ஏற்பாடு, நான் பார்த்த பதிவேடுகளிலேயே மிகத் தெளிவான அமைப்பு என்று தயங்காமல் சொல்வேன். பெயரை எப்படி எழுதினாலும் எண் மாறுவதில்லை. போலிச் சான்று கொண்டுவருபவரின் பயிற்சி அங்கே ஏறியிருக்காது.

இதில் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது, மாலுமியிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்குவதற்கு உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு உரிமையே இல்லை என்பதுதான். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அதைத் தடுக்கிறது. இந்தியா அதை 2015இல் ஏற்றுக்கொண்டது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, பணிப்புத்தகம் ஆகியவற்றுக்கான செலவு மாலுமியுடையதாக இருக்கலாம். ‘கப்பல் ஏற்றிவிடுவதற்கு’ என்று கேட்கும் தொகை எதுவும் சட்டப்படியானதில்லை. நகையை அடகு வைத்து அந்தத் தொகையைக் கட்டிவிட்டு, வெளிநாட்டுத் துறைமுகத்தில் பெயர் தெரியாத சிறு கப்பலில் சம்பளமின்றி மாட்டிக்கொண்டவர்களின் வீடுகள் இந்தக் கரையில் உள்ளன. பட்டியல் கையில் இருந்தும் அந்த வீடுகளை அது எட்டவில்லை என்பதே எனக்கு வருத்தம். தளத்தைப் பற்றிய குறையாக ஒன்றைச் சொல்லலாம்: தகவல்கள் சுற்றறிக்கைகளுக்கு இடையே புதைந்து கிடக்கின்றன, கப்பல்துறை மொழி அறியாத ஒரு தாயோ தகப்பனோ தாமாகத் தேடி எடுக்க முடியாது.

மருத்துவர்களின் பதிவேடு எளிதானது. தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்திலும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தளத்திலும் பதிவு எண்ணை இட்டால் பெயர், பட்டம், பதிவான ஆண்டு ஆகியவை வரும். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி மருத்துவர் தம் பதிவு எண்ணை மருத்துவமனையிலும், எழுதித்தரும் சீட்டிலும், சான்றிதழிலும், ரசீதிலும் காட்ட வேண்டும். எனவே இங்கே எண்ணைக் கேட்க வேண்டிய சங்கடம்கூட இல்லை. சீட்டைத் திருப்பிப் பார்த்தால் போதும். பிற்பாடு பெற்ற மேற்படிப்பு பல பதிவுகளில் ஏறாமலே இருக்கிறது என்பதால், பதிவேட்டில் எம்பிபிஎஸ் மட்டும் தெரிகிறது என்பதைக் கொண்டு ஒரு சிறப்பு மருத்துவரைச் சந்தேகித்துவிடக் கூடாது. சித்த மருத்துவர்களுக்குத் தனிக் கவுன்சில் இருக்கிறது. ஆங்கில மருத்துவப் பதிவேட்டில் அவர்களைத் தேடிவிட்டு ‘போலி’ என்று முடிவு கட்டுவது அநியாயம்.

மனிதருக்கு இருப்பது போலவே இடத்துக்கும் உரிமம் உண்டு என்பதை இந்த மாவட்டம் மறக்கக் கூடாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் மனநல இல்லத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அத்தகைய இல்லங்களுக்கு உரிமம் தேவை என்று 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்போதே சொல்லியிருந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து நம்பிக்கையோடு தர்காவுக்கு வந்து தம்மவரை ஒப்படைத்துவிட்டுப் போன குடும்பங்கள், எந்த இல்லத்துக்கு உரிமம் உண்டு, எதற்கு இல்லை என்று பார்க்க எங்கே போயிருக்க முடியும்? இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பதிவு பெறாமல் மனநல நிலையம் நடத்துவதைத் தடைசெய்கிறது. பதிவுச் சான்று பார்வையில் படும்படி வைக்கப்பட வேண்டும் என்கிறது. பொதுவான மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் சட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் பதிவு பெற வேண்டும். மருத்துவரின் எண்ணைத் தேடுவது போல இந்த நிலையங்களையும் ஊர் வாரியாகத் தேடிப் பார்க்கும் வசதி, கைப்பேசி மட்டுமே வைத்திருக்கும் ஒருவருக்கும் எளிதில் எட்ட வேண்டும். மற்ற எந்தக் குறையையும் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுப்பதற்கில்லை.

இனிக் காப்புரிமைப் பதிவேடு. இதைப் பற்றித்தான் நம்மிடையே தவறான எண்ணங்கள் மிகுதி. ஆகவே சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இந்தியக் காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேடுதளத்துக்கு இன்பாஸ் என்று பெயர். கணக்கு ஏதும் தொடங்காமலே, தலைப்பு, சுருக்கம், விண்ணப்பதாரர், கண்டுபிடித்தவர், விண்ணப்ப எண் ஆகிய எதைக் கொண்டும் தேடலாம். விண்ணப்ப எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வது பயனுள்ளது. 2016 முதல் அது பன்னிரண்டு இலக்கமாக இருக்கிறது; முதல் நான்கும் ஆண்டு, அடுத்த இலக்கம் அலுவலகம். சென்னை கிண்டி அலுவலகத்தில் நேரடியாகப் பதிவான சாதாரண விண்ணப்பத்தில் ஆண்டை அடுத்து 41 என்று வரும். நம் பகுதிக்காரர் தாம் சென்னையில் விண்ணப்பித்ததாகச் சொல்லி வேறு விதமான எண்ணைக் காட்டினால், முதல் பார்வையிலேயே ஒரு கேள்வி எழ வேண்டும்.

விண்ணப்பம், வெளியீடு, வழங்கல், நடப்பு ஆகிய நான்கு நிலைகளையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. விண்ணப்பம் கொடுத்து 18 மாதம் ஆனதும், அது வெள்ளிக்கிழமைதோறும் வரும் காப்புரிமை இதழில் வெளியிடப்படுகிறது. தனிக் கட்டணம் கட்டிக் கேட்டால் ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே வெளியாகிவிடும். வெளியானது என்றால் உலகம் அதைப் படிக்கலாம் என்று மட்டுமே பொருள். அதுவரை எந்த ஆய்வாளரும் அது புதியதா என்று பார்த்திருக்கவில்லை. ஆனால் கல்லூரி ஆசிரியர்களின் தன்விவரக் குறிப்புகளில் ‘காப்புரிமைகள்’ என்ற தலைப்பின் கீழ் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பவற்றில் பெரும்பகுதி இப்படி வெளியானவையே. ஒரு பொருளின் வடிவத்துக்கு மட்டும் பாதுகாப்புத் தரும் வடிவமைப்புப் பதிவுகூடச் சில இடங்களில் காப்புரிமை என்ற பெயரில் உலவுகிறது. தம் பிள்ளையை ஒரு கல்லூரியில் சேர்க்கும்போது அதன் விளம்பரத்தைப் படிக்கும் பெற்றோரும், வேலைக்கு ஆளெடுக்கும் நிறுவனத்தாரும் அந்த எண்ணை இன்பாஸில் இட்டுப் பார்ப்பதே முறை. வழங்கப்பட்டதற்குத் தனிக் காப்புரிமை எண் இருக்கும். அது இல்லாத வரை அது ஒரு விண்ணப்பம்தான்.

வழங்கப்பட்டதோடும் கதை முடிவதில்லை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு என்பது உச்ச காலம். மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் உரிமை அற்றுப்போகும். எந்த ஆண்டு வரை கட்டணம் கட்டப்பட்டிருக்கிறது, உரிமை இப்போது யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் உள்ளதா என்பவற்றை மின்பதிவேடு காட்டுகிறது. இந்தத் தளத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். பத்து ஆண்டுக்கு முன் காப்புரிமை வாங்கிவிட்டு இடையிலே கட்டணத்தை நிறுத்திவிட்ட ஒருவர், இன்றும் அதைச் சொல்லியே தம் இயந்திரத்துக்குக் கூடுதல் விலை கேட்பாரானால், ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். காப்புரிமை இல்லாத பொருளை இருப்பதாகச் சொல்லி விற்பது காப்புரிமைச் சட்டத்தின் 120ஆம் பிரிவின்படி தண்டத்துக்குரியது; 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்தத் தண்டம் பத்து லட்சம் ரூபாய் வரை போகலாம்.

எங்கள் கரையோடு நேரடித் தொடர்புடைய ஒரு காப்புரிமையை எடுத்துக்கொண்டு இந்தப் பதிவேடுகளின் தன்மையைக் காட்டலாம். மண்டபத்தில் கிளை வைத்திருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கப்பாஃபைகஸ் என்ற பாசியை இங்கே கொண்டுவந்து வளர்த்துக் காட்டியது. மூங்கில் தெப்பத்தில் ஏறத்தாழ 45 நாளில் அறுவடைக்கு வரும் அந்தப் பாசியை ‘பெப்சி பாசி’ என்றே பெண்கள் சொல்கிறார்கள். பெப்சி நிறுவனம் தொடக்கத்தில் கொள்முதல் செய்ததால் வந்த பெயர் அது. பாசியைக் காயவைக்காமல் பச்சையாகவே அரைத்துச் சாற்றைப் பிரித்து இலைவழி உரமாகவும், மிஞ்சும் சக்கையைக் கேரஜீனன் என்ற கூழ்மப் பொருளை எடுக்கவும் பயன்படுத்தும் முறைக்கு, மண்டபத்தில் கிளையுள்ள அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் கண்டுபிடிப்பாளர்களாகவும் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் உரிமையாளராகவும், 2005 மே 17 அன்று அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதன் எண் 6893479. கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் அந்த எண்ணை இட்டால் முழு ஆவணமும் கிடைக்கிறது. எப்படி அரைப்பது, எப்படி வடிகட்டுவது, எந்த அளவில் நீர் கலந்து தெளிப்பது என்று எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. காப்புரிமை என்பது ஒரு மறைவான சூத்திரத்துக்குப் பூட்டு என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். முறையை ஒளிக்காமல் முழுதாகச் சொல்வதற்கு ஈடாகத்தான் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியுரிமை தரப்படுகிறது. காலம் முடிந்தபின் அந்த அறிவு எல்லோருக்கும் உரியது. பாசி உரத் தொழில் தொடங்க எண்ணும் மகளிர் குழுவுக்கு இதைவிட நல்ல இலவசப் பாடநூலை நான் பார்க்கவில்லை. வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கும் நிலையில், இந்த ஆவணத்தைத் தமிழில் சுருக்கித் தருபவர் பெரிய உதவி செய்தவராவார்.

மறுபக்கமும் உண்டு. பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குள் முங்கிப் பாசி எடுத்துவருகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில் எந்தக் காற்றில் நன்றாக இருக்கும், கஞ்சிப் பாசியை எப்படிப் பதப்படுத்துவது என்பதெல்லாம் அவர்கள் கைவசமுள்ள அறிவு. அதில் ஒரு பகுதியை எவராவது தம் கண்டுபிடிப்பென்று விண்ணப்பித்தால் என்ன செய்வது? காப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, விண்ணப்பம் வெளியான பின், உரிமை வழங்கப்படும் முன், எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்கிறது. ஓர் உள்ளூர்ச் சமூகத்தில் வாய்மொழியாகவேனும் அறியப்பட்டிருந்தது என்பதே போதுமான காரணங்களில் ஒன்றாகச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மஞ்சளால் புண் ஆறும் என்பதற்கு அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட காப்புரிமை 1997இல் நீக்கப்பட்டது இத்தகைய பழைய அறிவைச் சான்றாகக் காட்டியதால்தான். ஆனால் எதிர்ப்பதற்கு முதலில் அப்படி ஒரு விண்ணப்பம் வந்திருப்பது தெரிய வேண்டும். வெளியீடு ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட வார இதழில், பாசியின் அறிவியல் பெயரோடு வருகிறது. கடலில் முங்குபவர் அதை எப்படிக் கண்டுகொள்வார்? சட்டம் கொடுத்த உரிமை பதிவேட்டின் அமைப்பால் கைக்கெட்டாமல் போகிறது. குறைந்தது தலைப்பையும் சுருக்கத்தையுமாவது மாநில மொழிகளில் தேடும்படி செய்வது இன்றைய தொழில்நுட்பத்தில் அரிய செயலாக இருக்காது.

தளத்தின் வேகத்தைப் பற்றியும் நல்லபடியாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு தேடலுக்கும் படத்திலுள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது; சிறிது நேரம் விட்டால் முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது; கைப்பேசித் திரையில் அட்டவணைகள் அடங்குவதில்லை. வெளிநாட்டுக் காப்புரிமைகளுக்கு ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட் தளமும் கூகுள் தளமும் இதைவிடப் பல மடங்கு இலகுவாக உள்ளன. நூறு ஆண்டுக்கு முந்தையவையும் அங்கே கிடைக்கும். பாம்பன் பழைய ரயில் பாலத்தின் நடுவில் இரு இலைகளாகத் தூக்கிய பகுதி, அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஷெர்சரின் உருளும் தூக்குப்பால முறையில் கட்டப்பட்டது. அவருக்கு அதற்கான காப்புரிமை 1893 டிசம்பரில், அவர் இறந்த சில மாதங்களுக்குப் பின் வந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதன் ஆயுள் 17 ஆண்டு; எனவே 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது அந்த முதல் காப்புரிமையின் காலம் முடிந்திருந்தது. அந்த வரைபடத்தை மாணவர்களுக்குத் திரையில் காட்டினால், தினமும் பார்த்து வளர்ந்த ஓர் இரும்புக் கட்டுமானத்தின் கருத்து முதலில் ஒரு தாளில் எப்படி இருந்தது என்று அவர்கள் காண்கிறார்கள். பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு அது ஒரு நல்ல தொடக்கம்.

புவிசார் குறியீட்டுப் பதிவேடு பற்றி ஒரு குறிப்பு மட்டும். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் அந்தக் குறியீடு கிடைத்தது. பதிவானது பொருளின் பெயர். அதைத் தம் மூட்டையில் பயன்படுத்த விரும்பும் விவசாயி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவேட்டில் தம் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமலே பலர் இருக்கிறார்கள்.

இத்தனையையும் விட்டுவிட்டு, ஒருவரின் பெயரைத் தட்டினால் அவருடைய வேலை, உரிமம், முகவரி, கண்டுபிடிப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் தருவதாகச் சொல்லும் தனியார் தளங்களுக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. அவை பல பதிவேடுகளிலிருந்து வாரி எடுத்ததை ஒட்டுகின்றன. ஒரே பெயருடைய இருவரின் தொழில்வாழ்க்கை ஒன்றாகக் கலந்துவிடுவது அங்கே சாதாரணம். பழைய தகவல் புதுப்பிக்கப்படுவதும் இல்லை. தாமே எழுதிக்கொள்ளும் தொழில்முறைச் சமூக வலைத்தளப் பக்கமும் சான்றாகாது. மூலப் பதிவேட்டைத் திறந்து எண்ணைப் பார்ப்பதில்தான் சோதனை தொடங்க வேண்டும். அரசுப் பதிவேடுகளும் ஒரு விஷயத்தில் திருந்த வேண்டும். காப்புரிமை விண்ணப்பங்களில் கண்டுபிடித்தவரின் வீட்டு முகவரி முழுமையாக வெளியாகிறது. ஒருவர் தகுதியுடையவரா, அவர் உரிமம் நடப்பில் உள்ளதா என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய செய்தி. அவர் எந்தத் தெருவில் எந்தக் கதவெண்ணில் குடியிருக்கிறார் என்பது அப்படியானதில்லை. ஊர் பெயரோடு நிறுத்திக்கொண்டால் பதிவேட்டின் நோக்கம் எதுவும் கெடாது.

பயன் என்ற அளவில் வரிசைப்படுத்தச் சொன்னால், கப்பல் துறைப் பட்டியலையும் இ-மைக்ரேட்டையும் முதலில் வைப்பேன். அவை காப்பது வீட்டையும் நிலத்தையும். மருத்துவப் பதிவேடு பயன்படுத்த எளிது. காப்புரிமைப் பதிவேடு ஆழமானது, ஆனால் பழக்கமில்லாதவரைக் களைப்படையச் செய்வது. எங்கள் பகுதிக்கு உடனே வேண்டியதும் ஒன்று உண்டு: உரிமம் பெற்ற முகவர்கள், கப்பல் நிறுவனங்கள் ஆகியோரின் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு, மாதந்தோறும் புதுப்பித்து, மீன்வளத் துறை அலுவலகங்களிலும் மீன் இறங்குதளங்களிலும் ஜமாஅத் அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுப்பதற்கான மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்திட விரும்புவோர் மையத்துக்கு வரலாம். வரும்போது, உங்களிடம் வேலை பேசியிருக்கும் முகவரின் பதிவு எண்ணையும் எழுதிக்கொண்டு வாருங்கள், அங்கேயே பார்த்துவிடுவோம்.